திருத்தப்படாத கனவு

"நான் ஒரு விஞ்ஞானியானால்" என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். மாணவன் பறக்கும் காரைப் படைக்கிறான். நாமும் மதிப்பெண் வழங்கி ஏட்டை மூடிவிடுகிறோம். இதுவா கற்பனை வளர்ப்பது? சோம்பலையன்றோ வளர்க்கிறோம்!

ரப்பர் மரத்தைக் கண்டபடி கொத்திப் பாலெடுத்த காலத்தில், சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநர் ரிட்லி என்ன செய்தார்? 1890களில் வெட்டிப் பார்த்தார். மாற்றி மாற்றி வெட்டினார். பழைய வெட்டின் விளிம்பிலேயே பட்டையை மெல்லச் சீவினால் மரமும் பிழைக்கும், பாலும் பெருகும் என்று கண்டார். ரப்பர் நடுமாறு வற்புறுத்திய அவரைப் 'பித்தர்' என்றே நகைத்தனர். அந்தச் சீவலைத்தான் நம் பாட்டிமார் விடியுமுன் விளக்கொளியில் செய்தார்கள். அதன் நுட்பத்தைக் கேட்டு எழுதிவர எந்த மாணவனை அனுப்பினோம்?

பறக்கும் கார் இருக்கட்டும். ஒழுகும் குடையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். குறை காட்டித் திருப்பிக் கொடுங்கள். மறுவாரம் மீண்டும் வாங்குங்கள்.