குமர் இருக்கும் வீட்டின் கணக்கு

திருகோணமலை நகரை ஒட்டிய அன்புவழிபுரத்து ஒழுங்கைகளில், லின்டல் மட்டத்தோடு வேலை நின்றுபோன வீடொன்றைக் கண்டால், அது ஒரு மகளுக்காகக் கட்டுகிற வீடாக இருக்கலாம். கல்லும் மணலும் அப்பா பறித்துவிட்டது. சீமெந்து, கட்டாரில் நிற்கிற தமையன் அனுப்பிய காசில் வந்தது. கூரைக்கு அவசரமில்லை, மாப்பிள்ளை சரிவரட்டும் என்று வைத்திருக்கிறார்கள். கிழக்கில் சீதனம் என்றால் முதலில் வீடுதான். நகையும் காசும் அதற்குப் பிறகு. மட்டக்களப்புப் பக்கம் மூத்தவளுக்கு இருக்கிற வீட்டை விட்டுக்கொடுத்து, தாய் தகப்பனும் இளையதுகளும் அதே வளவில் வேறு வீடு போட்டு இறங்குவது வெகுகாலமாக உள்ள வழக்கம். திருகோணமலைத் தமிழ்க் குடும்பங்களிலும் அதன் சாயல் உண்டு.

இந்த வீட்டை மனதில் வைத்துக்கொண்டால்தான், முப்பது தாண்டிய பெண்ணைப் பார்த்து ஊர் கேட்கிற ‘ஏன் பிள்ளை இன்னும் கட்டேல்ல?’ என்ற கேள்வி விளங்கும். அதைச் சாமத்தியச் சடங்கிலோ செத்தவீட்டிலோ வாய் சும்மா இராத ஒரு மாமி கேட்கிற விடுப்பு என்று ஒதுக்கிவிடுவது இலகு. ஆனால் மாமி வாயை மூடினாலும் நெருக்குதல் தீராது. வீட்டின் உறுதி யார் பேருக்கு, தமையன் எப்போது கட்டலாம், தங்கச்சிக்கு எப்போது பேசலாம், வயதான தாயை யார் பார்ப்பது என்று ஒரு குடும்பத்தின் அத்தனை கணக்கும் ஒரு பெண்ணின் கலியாணம் என்ற ஒரே ஆணியில் மாட்டித் தொங்குகிறது. அவள் கட்டாதவரை எதுவும் நகராது. அதனால்தான் அவளிடம் அன்பாக இருப்பவர்களே அவளை அதிகம் நெருக்குகிறார்கள்.

முப்பத்துமூன்று வயது ஆசிரியை ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய குறிப்பு கொழும்பு, கனடா, லண்டன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று வந்துவிட்டது. ஞாயிறு வீரகேசரியின் மணமகன் தேவை பக்கத்தில் அவர் நான்கு வரி: சமயம், நட்சத்திரம், எட்டில் செவ்வாய், கிரக பாவம், அரச உத்தியோகம். அவர் என்ன வாசிப்பார், எதற்குச் சிரிப்பார் என்பதற்கு அந்த நான்கு வரியில் இடமில்லை. வருகிற பேச்சுக்கால் ஒன்று பொருத்தத்தில் முறியும், இன்னொன்று டொனேஷனில் முறியும். எது எதில் முறிந்தாலும் கடைசியில் ஊர் எழுதுகிற தீர்ப்பு ஒன்றுதான்: ‘அவ கனக்க யோசிக்கிறா.’

இந்தத் தீர்ப்பு வரலாற்றையும் மறந்துவிடுகிறது. 1983 முதல் 2009 வரை போர் நடந்த மண் இது. இளைஞர்கள் செத்தார்கள், காணாமற்போனார்கள், முடிந்தவர்கள் கப்பலோ விமானமோ ஏறினார்கள். வன்னியில் போரின் கடைசி ஆண்டுகளில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கே அவசரமாகத் தாலி கட்டிவைத்த பெற்றோரும் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டில் நாடு முழுவதற்குமே நூறு பெண்களுக்குச் சுமார் 94 ஆண்கள்தான். ஒரே வயது, ஒரே சாதி, ஒரே சமயம், தன்னைவிடக் கூடிய படிப்பு என்று வடிகட்டினால் மிஞ்சுவது எத்தனை பேர் என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாகப் படிக்கிற நாட்டில் அந்தக் கடைசி நிபந்தனை ஒன்றே பாதிப் பேரைக் கழித்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதிலும் ஊரில் குழப்பம் அதிகம். 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதிலேயே கலியாணத்தை அனுமதித்தது. 1995இல்தான் அது பதினெட்டாக உயர்ந்தது. ‘எங்கட காலத்தில பதினாறிலேயே கட்டிவிட்டோம்’ என்று பாட்டி சொல்வதில் பொய்யில்லை, அந்தக் காலத்துச் சட்டமே அப்படித்தான் இருந்தது. இன்றைய சட்டத்தில் கீழ் எல்லை உண்டு, மேல் எல்லை கிடையாது. முப்பதுக்குள் கட்டியாக வேண்டும் என்பது எந்தப் பதிவாளரின் புத்தகத்திலும் இல்லை.

சொத்தில் இன்னும் பெரிய தவறான எண்ணம். கலியாணம் கட்டாத மகளுக்கு உரிமை குறைவு என்று பலர் நம்புகிறார்கள். திருகோணமலைத் தமிழர் பெரும்பாலும் பொதுச் சட்டத்தின் கீழ் வருகிறவர்கள். பெற்றோர் ஒன்றும் எழுதாமல் இறந்தால் ஆண், பெண், கட்டினவர், கட்டாதவர் என்ற வித்தியாசமின்றிப் பிள்ளைகளுக்குச் சம பங்கு. அரச காணி அனுமதிப்பத்திரங்களில் ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்றிருந்த பழைய விதியும் 2022இல் திருத்தப்பட்டுவிட்டது. யாழ்ப்பாண வழி வந்து தேசவழமைக்கு உட்பட்ட குடும்பமென்றால் கதை இன்னும் விசித்திரம். கலியாணத்துக்கு முதல் நாள் வரை அவள் தன் காணியைத் தானே விற்கலாம். எழுத்து முடிந்த மறுநாள் அதே காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ‘கட்டினால்தான் பாதுகாப்பு’ என்கிறவர்கள் இந்த விதியைக் கொண்ட 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

கட்டினால் பெண் கணவனின் பொறுப்பு என்கிற அதே மனப்போக்கு ஊழியர் சேமலாப நிதியிலும் ஒளிந்திருக்கிறது. கலியாணத்தால் வேலையை விடுகிற பெண் தன் சேமிப்பை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள 1958ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்தது. ஆணுக்கு அப்படியொரு வழி இல்லை. தாலி ஏறினால் சம்பளம் நிற்கும் என்பதை அன்றைக்கே இயல்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தனியாக வாழும் பெண்ணைத் தமிழ்ச் சமூகம் ஏற்காது என்பதும் முழு உண்மையில்லை. தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலைப் பல பத்தாண்டுகள் நடத்திய சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) கலியாணம் கட்டவில்லை. ஆசிரியை, சொற்பொழிவாளர், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர். அவரிடம் போய் ‘ஏன் கட்டேல்ல’ என்று ஊர் கேட்டிருக்காது. ஆனால் கலியாணத் தடை நீங்க ராகுகாலத்தில் எலுமிச்சம்பழ விளக்கேற்றத் துர்க்கை சன்னிதிகளுக்குத் தாய்மார் மகள்களைக் கூட்டிக்கொண்டு வருவது மட்டும் நிற்கவில்லை. உடுவில் மகளிர் பாடசாலையை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடத்திய அமெரிக்க மிஷனரி எலைசா அக்னியூவும் மணமாகாதவரே. கோயிலுக்கோ சபைக்கோ கொடுத்த வாழ்க்கை என்றால் நமக்குச் சம்மதம். அவள் தனக்கென்றே வைத்துக்கொண்ட வாழ்க்கை என்றால்தான் தொண்டைக்குள் இறங்க மறுக்கிறது.

இது தமிழருக்கு மட்டும் உரிய நோயுமில்லை. பிலிப்பைன்ஸில் இளையவர்களைப் படிப்பிக்கத் தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட மூத்த மகளுக்குப் பிறகு ‘முதிர்கன்னி’ என்ற ஏச்சும் சேர்ந்தே கிடைக்கிறது. குவைத்திலும் ரியாத்திலும் மூதூர்ப் பெண்ணும் மணிலாப் பெண்ணும் ஒரே அடுப்படியில் நின்று வீட்டுக்குக் காசு அனுப்புகிறார்கள், இருவருக்கும் தொலைபேசியில் வருகிற கேள்வி ஒன்றுதான். வத்திக்கானை விட்டால் விவாகரத்துச் சட்டமே இல்லாத நாடு பிலிப்பைன்ஸ். அங்குள்ள முஸ்லிம்களுக்கு மட்டும் விலக்கு. உள்ளே தள்ளுகிற கைகள் பல, வெளியே வர விவாகரத்து என்ற கதவில்லை. நம்மிடம் கதவு இருக்கிறது, ஆனால் ஒடுக்கம். பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணம் மூன்று: துணையின் சோரம், வன்மத்தோடு கைவிடுதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. ‘இருவருக்கும் ஒத்துவரவில்லை’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. வயது போகிறது என்ற பதற்றத்தில் விசாரிக்காமல் ஒப்புக்கொள்ளும் சம்பந்தத்தின் விலை இங்கேதான் தெரியவரும்.

‘தனிய இருந்தா ஆபத்து’ என்ற பயத்தை நான் எள்ளமாட்டேன். தனித்த பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கவே பலர் யோசிக்கிற ஊர்களில் அது உண்மையான பயம். ஆனால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கதவு சாத்திய வீட்டுக்குள் நடப்பதைத் தடுக்க வந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்கு எந்த மாப்பிள்ளையும் தேவையில்லை. கலியாணத்துக்கென்று வைத்திருக்கும் வீட்டை இப்போதே மகள் பேரில் நன்கொடை உறுதியாக எழுதலாம். ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும். தாங்கள் உயிரோடிருக்கும் வரை அந்த வீட்டில் இருக்கும் சீவிய உரித்தை உறுதியிலேயே ஒதுக்கிவைத்துக்கொள்ளலாம், தெருவில் நிற்போம் என்ற பயம் வேண்டாம். பிறகு அவள் கட்டினால் அது சீதன வீடு, கட்டாவிட்டால் அவள் வீடு. இரண்டுக்கும் கூரை ஒன்றுதான். ‘கட்டாமல் இருந்தால் நாளைக்கு எங்கே போவாள்’ என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. இதைச் செய்ய மறுக்கும் பெற்றோர் மகளின் எதிர்காலத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்களா என்று கேட்கவும் இடமுண்டு.

தங்கச்சியின் விஷயமும் இப்படித்தான். மூத்தவள் இருக்க இளையவளுக்குச் செய்யக்கூடாது என்று சட்டம் எதிலும் இல்லை. தங்கச்சிக்கு நல்ல சம்பந்தம் வந்தால் எழுத்தை வைத்துவிட்டு, அக்காவையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லலாம். ‘மூத்தது இருக்க...’ என்று பந்தியில் ஒருவர் இழுப்பார். அவருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றினால் போதும்.