நான்காமவர் யார்?

நோய் தீர நான்கு வேண்டும் என்பது வள்ளுவர் கணக்கு. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர். ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் இந்நான்கையும் அவர் ஒரே வரிசையில் வைத்தார். முதல் மூன்றைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். நான்காமவர் யார்? ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கட்டிலருகே கால்மணி நேரம் நின்று, “எல்லாம் சரியாகிவிடும்” என்று கூறிச் செல்பவரா? இல்லை, நண்பர்களே! அவ்வளவு எளிதில் தீர்ந்துவிடும் கடன் அன்று அது. பட்டறிந்தவன் சொல்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பாறசாலைக்குப் பிழைக்க வந்த குடும்பம் என்னுடையது. என் நண்பனோ அம்மண்ணின் மைந்தன். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகத்தீசுவரமும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அப்படி நின்றுவிட்ட தமிழ்க் குடும்பங்களுள் ஒன்று அவனுடையது. சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் அவனுக்குக் குடல்வால் வெடித்தது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனோம்.

அறுவைக்கு முன் ஒப்புதல் படிவம் வந்தது. அவன் தாய் மலையாளம் பேசுவார். படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமே. படிவத்தில் தமிழ் இல்லை. “இதுல கையெழுத்துப் போட்டா புள்ளைக்கு ஒண்ணும் வராதுல்லா, மக்கா?” என்று என்னைக் கேட்டார். “வராது, அம்மா” என்று சொல்ல எனக்கு ஏது உரிமை? எழுதியிருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மயக்க மருந்தால் நேரக்கூடிய ஆபத்தையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். அன்று நான் செய்தவற்றுள் பயனுள்ள பணி அது ஒன்றே.

அறுவை நலமே முடிந்தது. முதல் வாரம் கட்டிலைச் சுற்றித் திருவிழாக் கூட்டம்! தையல் பிரித்ததும் கூட்டம் கலைந்தது. நானும் கலைந்தவனே. மூன்றாம் வாரம் அவன் வகுப்புக்கு வந்தான். “எப்படி இருக்கிறாய்?” என்றோம். “எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன்” என்றான். நம்பினோம். ஒரு நாள் ஆய்வுக்கூடத்துக்கு விரைந்து நடந்தோம், அவன் பின்தங்கினான். தொலைபேசியில் பேசுகிறான் போலும் என்று எண்ணி, நாங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. அவனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் சுருண்டு கிடந்தான். உள்ளே சீழ் கட்டியிருந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல். கேட்டவர் எவருமில்லை, அவனும் சொல்லவில்லை. மீண்டும் மருத்துவமனை, மீண்டும் ஊசி, மீண்டும் அந்தத் தாயின் கண்ணீர்.

அறிவியல் மாணவன் நான், அறியாததன்று இது. தையல் பிரிக்கும் வேளையில், காயம்பட்ட தோலுக்குப் பழைய வலுவில் ஏறத்தாழ 10 விழுக்காடே இருக்கும். 80 விழுக்காட்டை நெருங்க 3 மாதமாகும். முழு வலுவோ திரும்புவதே இல்லை. வெளியே மூடிய காயம் உள்ளே ஆறிவிட்டதென்று பொருளன்று. உடலுக்கு 3 மாதம் வேண்டும். நம் அன்பு 10 நாளில் முடிந்துவிடுகிறது!

எல்லைக்கு அப்பாலுள்ள நெய்யூரை அறிவீர்கள். 1922இல் எவரெஸ்ட் பயணத்தில் பங்கேற்ற ஆங்கில மருத்துவர் சாமர்வெல், அதன்பின் அவ்வூர் மருத்துவமனைக்கு வந்தார். காத்திருந்த நோயாளர் கூட்டத்தையும், தனியே திணறிய ஒரே அறுவை மருத்துவரையும் கண்டார். தம் வாழ்வை அங்கேயே ஒப்படைத்தார். இன்று காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி அவர் பெயர் தாங்கி நிற்கிறது. 1924இல் அவர் மீண்டும் எவரெஸ்ட் ஏறி இறங்குகையில் தொண்டை அடைத்து மூச்சு நின்றது. முன்னே சென்ற தோழர் நார்ட்டன், நண்பர் அந்திக் காட்சியைப் படம் வரையப் பின்தங்கினார் என்றே எண்ணினார். பனியில் அமர்ந்து சாகத் துணிந்த சாமர்வெல், கடைசி முயற்சியாகத் தம் மார்பைத் தாமே அழுத்தி அடைப்பை வெளியேற்றிப் பிழைத்தார். நார்ட்டன் கெட்டவரல்லர். நாங்களும் கெட்டவர்களல்லோம். திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவே!

ஆகவே நம் மன்றத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, அறுவை நாளன்று குடும்பத்தாருடன் இருந்து, தாள்களைப் படித்துச் சொல்ல ஒருவர். இரண்டு, குருதி வகை வாரியாகக் கொடையாளர் பட்டியல். மூன்று, அறுவைக்குப்பின் 3 மாதத்துக்கு முறைவைத்து உடன் செல்லும் அறுவர். பை சுமக்கவும், பாடக்குறிப்புத் தரவும், “நலமா?” என்று பொதுவாகக் கேளாமல், “காய்ச்சல் உண்டா? காயத்தைப் பார்த்தாயா?” என்று கேட்கவும் அவர்கள் வேண்டும்.

“பாடச்சுமை இருக்கிறதே” என்பீர்கள். அறுவர் பகிர்ந்தால் ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள். அதுகூடவா இயலாது?

என் நண்பன் இன்று நலம். அவனுடன் நடக்கையில் நான் இப்போது பின்னால் நடக்கிறேன்.