விரல் போன திசை எது?



“டேன் தீட்டாவைப் படிச்சு என்னடா கிழிக்கப் போறோம்?” நம் கேண்டீனில் இந்தக் கேள்வி எழாத நாள் உண்டா? கேட்பவர் கையில் செல்போன். அதில் கேம். விரல் எந்தப் பக்கம் இழுத்தது என்று அந்தக் கேம் கண்டுபிடிப்பதே கோணக் கணக்கை வைத்துத்தான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “நெட்ல ஒரு வரி கிடக்குது, காப்பி அடிச்சாப் போச்சு” என்பார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பேச்சும் நம்மைக் கெடுக்கும். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

விரல் வைத்த புள்ளி ஒன்று, எடுத்த புள்ளி ஒன்று. விரல் இடப்பக்கம் 60 பிக்சல், மேலே 104 பிக்சல் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 104-ஐ மைனஸ் 60-ஆல் வகுத்து கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் போடுங்கள். ஏறக்குறைய மைனஸ் 60 டிகிரி வரும். அதாவது வலப்பக்கம் கீழே! விரல் போனதோ இடப்பக்கம் மேலே. சரியான விடை 120 டிகிரி. வகுத்த உடனே எது மைனஸ், மேலே உள்ளதா கீழே உள்ளதா என்ற சேதி தொலைந்துபோகிறது. நேர் மேலே இழுத்தால் இன்னும் மோசம், பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும்.

இதற்காகவே ‘ஏ-டேன்-டூ’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. 1966-ன் ஃபோர்ட்ரான் தரநிலையிலேயே இது உண்டு. இரண்டு எண்களையும் வகுக்காமல் தனித்தனியாக வாங்கி, எந்தக் கால்பகுதி என்று பார்த்து விடை தரும். பெரும்பாலான மொழிகளில் ஒய் முதலில், எக்ஸ் பிறகு. விடை ரேடியனில் வரும். 180-ஆல் பெருக்கி பையால் வகுத்தால் டிகிரி.

“அப்போ அந்த வரியைக் காப்பி அடிக்கலாமே?” அடியுங்கள், மாட்டிக்கொள்வீர்கள்! ஆண்ட்ராய்டு திரையில் பூஜ்யம் மேல் இடது மூலை. கீழே போகப் போக ஒய் கூடும். யூனிட்டியின் தொடுபுள்ளிக்குக் கீழ் இடது மூலை. இங்கே எழுதியதை அங்கே ஒட்டினால் மேலே இழுத்தால் கீழே போகும்! ஒய்-யின் குறியை மாற்ற வேண்டும் என்பது கணக்குப் புரிந்தவனுக்குத்தான் தோன்றும்.

கோணமே வேண்டாத இடமும் உண்டு. 2014-ல் வந்த 2048 விளையாட்டில் நான்கே திசை. குறியை விட்டுவிட்டு எக்ஸ் பெரியதா, ஒய் பெரியதா என்று பார்த்து, பிறகு பெரியதன் குறியைப் பார்த்தால் போதும். ஏன் போதும்? டேன் 45 என்பது 1! ஆனால் 2009-ல் வந்த ஆங்ரி பேர்ட்ஸ் மாதிரி கவண் இழுத்து விடும் ஆட்டத்துக்குச் சரியான கோணம் வேண்டும். அதுவும் இழுத்த திசைக்கு எதிர்த்திசை, அதாவது 180 டிகிரி கூட்டி.

விரல் நடுக்கத்தையும் மறக்கக் கூடாது. 2 பிக்சல் நகர்ந்ததற்கெல்லாம் கோணம் பார்த்தால் கேம் பைத்தியம் பிடித்து ஆடும். முதலில் பிதாகரஸ் போட்டு நீளம் பார்த்து, குறைந்த அளவைத் தாண்டினால்தான் கோணம். அந்த அளவையும் பிக்சலில் வைத்தால் போனுக்குப் போன் மாறும்; மில்லிமீட்டர் கணக்கில் வைப்பதே நல்லது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்டர்னல் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வையுங்கள். நண்பர்களே, நாமும் ஒரு கிராஃப் தாளில் நான்கு கால்பகுதியிலும் ஒவ்வொரு கோடு போட்டு, கால்குலேட்டர் சொல்வதையும் பாகைமானி சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். அரை மணி நேர வேலைதான். அதற்குப் பிறகும் டேன் தீட்டா எதற்கு என்று யாராவது கேட்டால், அந்தத் தாளை எடுத்து நீட்டுங்கள்!