அந்தப் பாட்டை யார் பாடணும்?

'டெஸ்பசீட்டோ' தெரியாதவங்க நம்ம காலேஜ்ல இருக்க மாட்டீங்க. 2017-ல் நாம ஸ்கூல் வேன்ல வார்த்தை புரியாமலே கத்தின பாட்டு. லூயிஸ் ஃபான்சி, டாடி யாங்கி முகம்தான் ஞாபகம் வரும். ஆனா ஃபான்சியோடு உட்கார்ந்து அதை எழுதியவர் எரிகா எண்டர், பனாமா நாட்டுப் பெண். ஒரு ஆண் ஒரு பெண்ணைப் பார்த்து உருகும் பாட்டை எழுதிய கைகளில் ஒன்று பெண்ணுடையது. தெரிஞ்ச பிறகு எனக்கு அந்தப் பாட்டு கொஞ்சம் மாறித்தான் கேட்டது.

இது புதுசும் இல்லை. பீட்டில்ஸ் 1962-ல் டெக்கா கம்பெனி ஆடிஷனில் பாடிய 'பேசமே முச்சோ'வை எழுதியவர் கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் என்ற மெக்சிகோ பெண். 1997-ல் வந்த 'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்' ஆல்பத்தில் எழுபதை நெருங்கிய இப்ராஹிம் ஃபெர்ரர் பாடும் 'தோஸ் கார்தேனியாஸ்' இருக்கே, கேட்டுப் பாருங்க. காதலிக்கு ஒருத்தன் ரெண்டு பூ கொடுக்கிறான்னுதான் நான் ஒரு வருஷம் நினைச்சிட்டிருந்தேன். எழுதியவர் கியூபாவின் இசோலினா கர்ரீயோ, அவரும் பெண். பாட்டு முழுக்கத் தேடினேன், கொடுப்பது ஆணா பெண்ணான்னு காட்டும் ஒரு சொல்கூட இல்லை. ஆணாக்கினது ஃபெர்ரரின் குரலும் என் காதும்தான்.

எல்லாப் பாட்டும் இப்படித் தப்பிக்க முடியாது. தமிழில் 'நான் தனியா இருக்கேன்'னு சொன்னா சொல்வது யார்னு தெரியாது. ஸ்பானிஷில் ஆண் 'சோலோ' என்பான், பெண் 'சோலா' என்பாள். கடைசி ஒரு எழுத்து காட்டிக்கொடுத்துடும். அதனால ஆண் பாடின பாட்டைப் பெண் எடுத்தா, பல பேர் முதல்ல செய்வது அந்த 'ஓ'வை 'ஆ' ஆக்குவதுதான்.

நானும் செய்ய வெச்சிருக்கேன். போன வருஷம் ஒரு ஜூனியர் பெண் கல்ச்சுரல்ஸுக்கு ஒரு பழைய ரான்செரா பாட்டு பிராக்டிஸ் பண்ணினா. மெக்சிகோவோட கிராமத்துக் காதல் பாட்டு, நல்ல அழுகை. 'பையன் பாட்டு, அப்படியே பாடினா ஒரு மாதிரி இருக்கும், மாத்திடு'ன்னு பெரிய மேதை மாதிரி சொன்னேன். 'எய்யா'ன்னா அவள், 'எல்'ன்னா அவன். ரெண்டு அசை இருந்த இடத்தில் ஒரு அசை வந்து, அவள் அந்த இடத்தை இழுத்து இழுத்துப் பாட, பாட்டு நொண்டியது. ஜட்ஜ் மூணு பேரில் ஒருத்தருக்கும் ஸ்பானிஷ் தெரியாது. அப்போ யாருக்குப் பயந்தேன்?

அதுக்கப்புறம்தான் சவேலா வர்காஸைக் கேட்டேன். 1919-ல் கோஸ்டா ரிகாவில் பிறந்து, சின்ன வயசிலேயே மெக்சிகோ போனவர். பேன்ட், மேல ஒரு போன்ச்சோ, கையில் சுருட்டு. ஹோசே அல்ஃப்ரெடோ ஹிமெனெஸ் மாதிரி ஆண்கள் பெண்களை நினைத்து எழுதிய ரான்செராக்களை அவர் பாடினார், அவளை அவனாக்காமல். ட்ரம்பெட் வைத்த மரியாச்சி கூட்டத்தையும் விட்டுட்டு, கிட்டார் மட்டும் வைத்து மெதுவாக. தான் பெண்களை நேசிப்பவர்னு வெளிப்படையாகச் சொன்னது 81 வயசில்தான். பாட்டு அதை எத்தனையோ வருஷம் முன்னாடியே சொல்லிடுச்சு. மாற்றியிருந்தா அவருக்கு வாழ்க்கை சுலபமா இருந்திருக்கும். நமக்கு இன்னொரு நல்ல பாடகி கிடைச்சிருப்பாங்க, அவ்வளவுதான்.

'பாடுறவங்க எழுதினவங்களாவே இருக்கணுமா அப்போ?'ன்னு கேட்பீங்க. இல்லவே இல்லை. 'அமோர் எத்தெர்னோ' பாட்டை ஹுவான் காப்ரியேல் எழுதினது இறந்துபோன தன் அம்மாவுக்காக. ஊருக்குத் தெரிய வெச்சது ஸ்பெயின்காரி ரோசியோ டுர்கலின் குரல். தெரியாமல் கேட்டா காதலனை இழந்த பெண்ணின் பாட்டு. தெரிஞ்சு கேட்டா ஒரு மகன். மெக்சிகோவில் சாவு வீட்டில் பாடுறாங்க, யாருக்காக அழுறாங்களோ அவங்களுக்கான பாட்டாகுது. குரல் மாறலாம், மாறணும். சொல்லை மாத்தி 'சரி' பண்றதுதான் எனக்கு ஒத்துவரலை. தனக்குப் பொருத்தமா இருக்கணும்னு பாடுறவரே விரும்பி மாத்தினா அது அவர் இஷ்டம். நான் பண்ணினது அது இல்லை.

ஃபெஸ்ட் ஆடிஷன் ஃபார்ம் அடுத்த மாசம் வரும். அதில் 'மேல் சாங் / ஃபீமேல் சாங்'னு ஒரு கட்டம் இருக்கு. மியூசிக் கிளப் நண்பர்களே, தயவுசெஞ்சு அதை எடுத்துடுங்க. ஜூனியர்கிட்ட நான் சாரி கேட்டாச்சு. "இந்தத் தடவை 'எய்யா'தான் பாடுவேன், கிட்டார் நீங்க வாசிக்கணும் அண்ணா"ன்னு கண்டிஷன் போட்டிருக்கா. எனக்கு இன்னும் எஃப் கார்டு சரியா வரலை.