நலவாழ்வுப் பக்கம்: நின்ற வயிற்றோட்டம் திரும்பி வந்தால்



இம்மாதம் எனக்கு வந்த கடிதங்களில் ஒன்றுக்கு இந்தப் பக்கம் முழுவதையும் ஒதுக்குகிறேன். எழுதியவர் இரண்டு பிள்ளைகளின் தாய். 2009 இல் காலில் பட்ட காயம் இடைக்கிடை சீழ் பிடிக்கும். இம்முறை அதற்குச் சில கிழமைகள் அன்ரிபயோற்றிக் எடுத்திருக்கிறார். அதன்பின் கடும் வயிற்றோட்டம். ஆஸ்பத்திரியில் மலத்தைப் பரிசோதித்து, பெருங்குடலில் கிருமித் தொற்று என்று சொல்லி 10 நாளைக்குக் குளிசை கொடுத்தார்கள். நின்றது. இரண்டு கிழமையில் திரும்பவும் வந்துவிட்டது. "அதே குளிசையைக் கடையில் வாங்கிப் போடலாமா, இதைவிட நல்ல மருந்து இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

நான் தாதியாக வாட்டில் வேலை செய்த காலத்திலும் இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். காயங்களுக்காகத் திரும்பத் திரும்ப அன்ரிபயோற்றிக் எடுக்க வேண்டியிருந்த பெண்கள் நம்மிடையே நிறையப் பேர். ஆகையால் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

ஏன் திரும்பி வருகிறது?

இந்தக் கிருமியின் பெயர் குளொஸ்திரீடியம் டிஃபிசில். வைத்தியர்கள் சுருக்கமாக "சி டிஃப்" என்பார்கள். 1935 இல் முதலில் கண்டறியப்பட்டது. அன்ரிபயோற்றிக் எடுத்தவர்களுக்கு வரும் கடுமையான குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்பது 1978 இல் தெரியவந்தது.

நமது குடலில் கோடானுகோடி நல்ல கிருமிகள் வாழ்கின்றன. கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்காமல் காப்பவை அவைதான். காயத்துக்கோ சளிக்கோ எடுக்கும் அன்ரிபயோற்றிக் இந்த நல்ல கிருமிகளையும் அழித்துவிடும். கிளிண்டமைசின், சிப்ரோபுளொக்சசின், செபலோஸ்போரின் வகை மருந்துகள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை. காலியான இடத்தில் சி டிஃப் பெருகி நச்சை விடுகிறது.

தோட்டம் செய்பவர்களுக்குக் கோரைப்புல் தெரியும். மேலே உள்ளதைப் பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். சி டிஃப் கிருமியும் வித்து வடிவில் குடலில் ஒளிந்திருக்கும். மருந்து வித்தை அழிப்பதில்லை. மருந்து முடிந்தபின் நல்ல கிருமிகள் வளர்ந்து இடத்தைப் பிடிக்குமுன் வித்து முளைத்தால் நோய் திரும்பும். அநேகமாக முதல் சில கிழமைகளுக்குள், 8 கிழமைக்குள் இப்படி நடக்கும். இது நோயாளியின் பிழையால் வருவது அல்ல.

மூன்று மருந்துகள்

முதலாவது மெற்றோனிடசோல். "ஃபிளாஜில்" என்று பலர் கேட்டு வாங்குவது இதைத்தான். விலை மலிவு. முன்பு இந்நோய்க்கு முதலில் கொடுத்ததும் இதுவே. ஆனால் இந்தக் குளிசையின் பெரும்பகுதி மேல்குடலிலேயே உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குப் போய்விடுகிறது. நோய் உள்ள பெருங்குடலுக்குச் சேர்வது குறைவு.

இரண்டாவது வன்கோமைசின். வாயால் எடுத்தால் உடலில் உறிஞ்சப்படாமல் நேரே பெருங்குடலுக்குப் போகும். வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு 4 தடவை, 10 நாள். இதை ஊசியாக நரம்பில் ஏற்றினால் குடலுக்குப் பயன் இல்லை. அதனால் வில்லை இல்லாத இடங்களில் ஊசி மருந்தையே கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். "ஊசி மருந்தைக் குடிக்கத் தருகிறார்களே" என்று பயப்பட வேண்டாம்.

2007 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இவ்விரண்டையும் ஒப்பிட்டது. நோய் இலேசாக இருந்தவர்களில் மெற்றோனிடசோலால் 100 இற்கு 90 பேரும், வன்கோமைசினால் 98 பேரும் குணமடைந்தார்கள். கடுமையாக இருந்தவர்களில் அது 76 உம் 97 உம் ஆகும். வித்தியாசம் எங்கே பெரிது என்று பாருங்கள்.

மூன்றாவது பிடக்சோமைசின். 200 மில்லிகிராம், நாளுக்கு 2 தடவை, 10 நாள். 2011 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே ஆண்டு வெளியான ஆய்வில், வயிற்றோட்டத்தை நிறுத்துவதில் இதுவும் வன்கோமைசினும் ஏறக்குறைய சமம்: 100 இற்கு 88 உம் 86 உம். ஆனால் நோய் திரும்பியது பிடக்சோமைசின் எடுத்தவர்களில் 15 பேருக்கு, வன்கோமைசின் எடுத்தவர்களில் 25 பேருக்கு. இது நல்ல கிருமிகளை அதிகம் தொடாமல் விடுவதே காரணம். 2021 இல் அமெரிக்க, ஐரோப்பிய வைத்திய சங்கங்கள் இரண்டும் இதையே முதல் தெரிவாகச் சொல்லின. குறை, விலை மிக அதிகம். கிடைக்காவிட்டால் வன்கோமைசின் நல்ல மாற்று. கர்ப்பிணிகளுக்கும் வாயால் எடுக்கும் வன்கோமைசினே பொருத்தமானது.

திரும்பி வந்தால்

சகோதரியின் முதல் கேள்விக்குப் பதில்: மெற்றோனிடசோலைக் கடையில் வாங்கித் திரும்பப் போட வேண்டாம். திரும்பி வந்த நோய்க்கு அது ஏற்றதல்ல. நீண்ட நாள் எடுத்தால் கை கால் நரம்புகளையும் பாதிக்கும். காயத்தால் ஏற்கனவே கால் விறைத்திருப்பவர், புதிய விறைப்பையும் பழையது என்று நினைத்து விட்டுவிடக்கூடும்.

முதல் தடவை மெற்றோனிடசோல் எடுத்தவருக்கு வன்கோமைசின் 10 நாள் கொடுக்கலாம். முதலில் வன்கோமைசினே எடுத்திருந்தால், அதைப் படிப்படியாகக் குறைக்கும் முறை உண்டு. 10 தொடக்கம் 14 நாள் வரை நாளுக்கு 4 தடவை. பின் ஒரு கிழமை 2 தடவை. பின் ஒரு கிழமை 1 தடவை. அதன்பின் 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை, 2 தொடக்கம் 8 கிழமை வரை. இடைவெளியில் முளைக்கும் வித்துக்கள் அழியும், நல்ல கிருமிகளும் மெல்ல வளரும். நாட்களைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

பல தடவை திரும்பியவர்களுக்கு, ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலுள்ள நல்ல கிருமிகளைக் குடலில் சேர்க்கும் சிகிச்சையும் உண்டு. கேட்க அருவருப்பாக இருக்கலாம். 2013 இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் ஒரே தடவையில் 16 பேரில் 13 பேர் குணமடைந்தார்கள். இதைப் பரிசோதித்த முறையில் வைத்தியர்கள் மட்டுமே செய்யலாம். வீட்டில் ஒருபோதும் கூடாது.

கவனிக்க வேண்டியவை

1. அன்ரிபயோற்றிக் எடுத்தபின் வரும் வயிற்றோட்டம் எல்லாம் சி டிஃப் அல்ல. நாளுக்கு 3 தடவையோ அதற்கு மேலோ நீராகப் போனால் மலத்தைப் பரிசோதியுங்கள்.

2. காயத்துக்கான மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தலாமா, மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அடுத்த முறை எதற்காக அன்ரிபயோற்றிக் எழுதினாலும் "எனக்கு சி டிஃப் வந்தது" என்று முதலிலேயே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியிலும் எழுதுவியுங்கள்.

3. வயிற்றோட்டத்தை உடனே கட்டும் குளிசைகளைக் கேட்காமல் போட வேண்டாம். ஜீவனி, கஞ்சி, உப்பிட்ட சோற்றுத் தண்ணீர் குடியுங்கள். தயிர் சாப்பிடலாம், ஆனால் அது மருந்துக்குப் பதில் அல்ல.

4. கைகளைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுங்கள். அற்ககோல் திரவம் வித்துக்களைக் கொல்லாது. மலசலகூடத்தின் கதவுப்பிடி, வாளி, கோப்பை ஆகியவற்றை பிளீச் 1 பங்கு, நீர் 9 பங்கு கலந்து துடையுங்கள். அமிலம் உள்ள வேறு திரவத்தோடு பிளீச்சைக் கலக்கக் கூடாது.

5. காய்ச்சல், கடும் வயிற்றுவலி, வயிறு ஊதுதல், சலம் குறைதல், தலைசுற்றல் இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிறு ஊதிய நிலையில் வயிற்றோட்டம் திடீரென நின்றால் அது சுகமாகிவிட்டதன் அறிகுறி அல்ல, ஆபத்து.

வயிற்றோட்டத்தைப் பற்றி வாய்விட்டுச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். வீட்டைத் தனியே தாங்கும் பெண்களோ வேலையை விட்டுப் போக முடியாமல் நாட்களைக் கடத்துகிறார்கள். அரச ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. போகும்போது இதுவரை எடுத்த குளிசைகளின் மட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டி, "எனக்கு இது திரும்பி வந்தது, இம்முறை எந்த மருந்து?" என்று தயங்காமல் கேளுங்கள். அந்த மட்டைகளைப் பார்த்தே வைத்தியர் அடுத்த மருந்தைத் தெரிவு செய்வார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.