கூட்டெருக் குவியலுக்கு வேண்டாதவை

மண்ணுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று உபதேசிப்பவர்களுக்கு நம்மிடையே என்றுமே பஞ்சமில்லை. எதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்பவர்கள்தாம் குறைவு. இலங்கையில் சேதனப் பசளையின் பெயரால் எழுந்த பெரும் ஆரவாரத்தையும், அதன் பின் கவிந்த பெரும் மௌனத்தையும் நினைக்கும்போதெல்லாம் இந்த எண்ணமே மேலெழுகிறது.

2021 மே மாதத்தில் கோட்டாபய ராஜபக்சவின் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை வர்த்தமானி மூலம் தடை செய்தது. நாடு முழுவதும் கூட்டெரு செய்யுங்கள் என்ற குரல் ஒலித்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. ஆயினும் அடி விழுந்துவிட்டது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது.

அந்தக் கலவரத்தின் நடுவே ஒரு கப்பல் வந்தது. 'ஹிப்போ ஸ்பிரிட்' என்பது அதன் பெயர். சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றி வந்த அந்தக் கப்பலை இறக்க விடவில்லை. அனுப்பப்பட்ட மாதிரிகளில் பயிருக்குத் தீங்கு செய்யும் 'எர்வீனியா' வகைப் பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகள் கூறினார்கள். விற்ற நிறுவனம் அதனை மறுத்தது. முடிவில், கரையிறங்காத பசளைக்காக 2022 ஜனவரியில் இலங்கை ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் செலுத்திற்று. யார் சொன்னது சரி என்ற வழக்கு ஒருபுறமிருக்கட்டும். 'சேதனம்' என்ற சொல் ஒட்டப்பட்டிருப்பதாலேயே ஒரு பொருள் தூய்மையாகிவிடாது என்ற பாடம் மட்டும் தெளிவானது. கப்பல் நிறைந்த பசளைக்குரிய இந்த விதி, லயத்துக் கோடியில் கொட்டும் ஒரு கூடைக் குப்பைக்கும் உரியதுதான்.

சப்ரகமுவத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை: இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இந்தப் பகுதிகளில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து நிற்கின்றன. லயங்களின் ஓரத்தில் கையளவு நிலத்தில் மரக்கறி பயிரிடும் குடும்பங்கள் பல. அங்கே எருக் குவியலுக்கும் அடுப்படிக்கும் இடையே சில அடி தூரமே உண்டு. பரந்த தோட்டத்தின் மூலையில் குவியல் வைக்கும் மேல்நாட்டாருக்கு எழுதப்பட்ட பட்டியல் இங்கே அப்படியே பொருந்தாது. தோடம்பழத் தோலும் வெங்காயத் தோலும் ஆகாது என்று அங்கே சிலர் எழுதுவதுண்டு. அவை மண்புழுப் பெட்டிக்குரிய கவலைகள். இங்குள்ள கவலைகள் வேறு.

முதற் கவலை எலி. மீன் தலை, இறைச்சி எலும்பு, எண்ணெயும் கறியும் கலந்த சோறு ஆகியவை குவியலுக்குள் போனால் எலி வரும். எலியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவும். இலங்கையில் அந்நோய் அதிகம் காணப்படும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கும். வெறுங்காலுடன் வாய்க்காலைக் கடந்து வேலைக்குப் போகும் மனிதருக்கு இது சிறிய விடயமன்று.

இரண்டாவது நுளம்பு. சிரட்டை, யோகட் கோப்பை, பொலித்தீன் உறை எல்லாம் நீர் தாங்கும். இரத்தினபுரி ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஊர். டெங்கு நுளம்புக்கு ஒரு சிரட்டை நீரே போதும்.

மூன்றாவது நோய்ப்பட்ட செடி. வாடல் நோயில் சாய்ந்த தக்காளியையும் மிளகாயையும் பிடுங்கிக் குவியலில் போடுவது, அடுத்த போகத்துக்கு நோயை நாமே விதைப்பதாகும். வெள்ளை வேர் நோயில் பட்டுப்போன இறப்பர் மரத்தின் வேர்த்துண்டுகளும் அப்படியே. விதை முற்றிய களையும் கோரைக் கிழங்கும் குவியலில் சாவதில்லை. பயிரோடு சேர்ந்து மீண்டும் முளைக்கும்.

நன்றாக வெந்த குவியலில் இவை அழியுமே என்று கேட்கலாம். உண்மைதான். உள்ளே 55 பாகை செல்சியஸ் வெப்பம் சில நாட்கள் நிலைத்து, குவியலும் புரட்டப்பட்டால் பெரும்பாலான கிருமிகளும் விதைகளும் மடியும். ஆனால் அதற்கு ஒரு கன மீற்றர் அளவாவது குப்பை ஒருங்கே சேர வேண்டும். ஒரு குடும்பத்தின் சிறு குவியல், அதுவும் மழையில் ஊறிய குவியல், அந்தச் சூட்டை எட்டுவது அரிது. ஆகவே மேலே கிடுகோ பழைய தகரமோ போட்டு மூடுவது முதல் வேலை. குழந்தைகளின் மலம், நாய் பூனையின் எச்சம் ஆகியவற்றை விலக்குவதற்கும் இதுவே காரணம். அவற்றிலுள்ள புழு முட்டைகள் சிறு குவியலில் மடியாமல், நாம் பறித்துண்ணும் கீரையில் வந்து ஒட்டும்.

விறகுச் சாம்பலைச் சிறிதளவு சேர்க்கலாம், மரக்கறிக்கு நல்லது. புளிப்பு மண்ணை விரும்பும் தேயிலைச் செடிக்கு அது ஆகாது. பொலித்தீனும் பெயின்ற் பூசிய பலகையும் எரித்த சாம்பல் எதற்குமே ஆகாது.

"எங்கள் தாத்தா பாட்டி எல்லாவற்றையும்தானே குழியில் கொட்டினார்கள்" என்பார் சிலர். கொட்டினார்கள். அவர்களுடைய குப்பையில் பற்றரி இல்லை, ஷம்பூ உறை இல்லை, டயப்பர் இல்லை. குழி மாறவில்லை, குப்பை மாறிவிட்டது.

இங்கேதான் உண்மையான கேள்வி பிறக்கிறது. குவியலுக்குள் போடாதே என்று சொல்லிவிட்டோம். அப்படியானால் எங்கே போடுவது? கொழும்பில் வீட்டு வாசலுக்குக் குப்பை வண்டி வருகிறது. வண்டி வராத லயத்தில், விலக்கப்பட்டவை எல்லாம் ஓடைக்குப் போகின்றன. அல்லது தீக்குப் போகின்றன. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. மூன்று தசாப்தங்களுக்குப் பின், 2018 இல் அது திருத்தப்பட்டது. சட்டம் திறந்த கதவு வழியே சபையின் உழவு இயந்திரமும் லயம்வரை வர வேண்டாமா? வாக்குக் கேட்டு வரும் வாகனங்களுக்குத் தெரிந்த பாதைதானே அது!

தொழிலாளிக்குத் துப்புரவு போதிப்பது எளிது. அவர் பிரித்து வைப்பதை வாங்கிச் செல்ல ஆள் அனுப்புவதே ஆட்சி. கிழமைக்கு ஒரு முறை பொலித்தீனும் பற்றரியும் சுகாதாரத் துவாயும் எடுத்துச் செல்லப்படட்டும். மரக்கறித் தோலும், தேயிலைச் சக்கையும், காய்ந்த சருகும், மாட்டுச் சாணமும் மட்டும் குவியலில் எஞ்சும். அவற்றை நல்ல மண்ணாக்க அந்த மக்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. தலைமுறைகளாக இந்த மண்ணோடு வாழ்பவர்கள் அவர்கள்.