எங்கள் கிழவியின் இதயத்தைப் படிக்கத் தெரிந்த மெரிட் எது?

உயர் சிறப்பு மருத்துவப் படிப்பில் இடஒதுக்கீடு என்று வாயெடுத்தாலே ஒரு கேள்வி வந்து விழும்: "உங்கம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தா கோட்டா டாக்டர்கிட்ட காட்டுவீங்களா?"

காட்டுவோம். தயங்காமல் காட்டுவோம். நாங்கள் திருப்பிக் கேட்பது இதுதான்: எங்கள் அம்மாவுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வந்தால், உங்கள் மெரிட் டாக்டர் அதைக் கண்டுபிடிப்பாரா?

இது குதர்க்கம் அல்ல, மருத்துவம். ஐம்பது வயதுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டி வருவார். எழுபத்தைந்து வயதுக் கிழவி பல நேரம் அப்படி வரமாட்டார். "மூச்சு வாங்குது", "ஒரே அசதி", "நேத்து கொல்லையில விழுந்துட்டேன்" என்பார். சிலருக்குப் புத்தி தடுமாறும். சர்க்கரை நோயும் இருந்தால் வலி இன்னும் மறைந்துகொள்ளும். "வயசாச்சும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினால் கதை முடிந்தது.

வைத்தியமும் வேறு. சிறுநீரகம் தளர்ந்த உடம்புக்கு அதே அளவு மருந்து விஷமாகலாம். ரத்த அழுத்த மாத்திரை சற்றுக் கூடினால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறியும். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் பக்கவாதம் வராமல் தடுக்க ரத்தம் உறையாத மருந்து வேண்டும். அதே மருந்து ரத்தக்கசிவையும் கொண்டுவரும். இதையெல்லாம் எடை போட்டுப் பார்க்கத் தனிப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சி எங்கே கிடைக்கிறது? முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடிதான். 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கான பிரிவைத் தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. வந்தது. 2024-ல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தது. எல்லாம் சென்னையில், திருச்சியிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். முதியோர் மருத்துவம் மூன்றாண்டு எம்.டி. இதயவியல், எம்.டி. முடித்த பிறகு இன்னொரு மூன்றாண்டு டி.எம். இரண்டும் தனித்தனிப் பாதை. கிழவியின் இதயமோ இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது.

இதில் சாதி எங்கே வருகிறது என்கிறீர்களா? அந்த டி.எம். வாசலில்தான் வருகிறது. எம்.பி.பி.எஸ்.ஸில் இடஒதுக்கீடு உண்டு. எம்.டி.யில் உண்டு. நீட் எஸ்.எஸ். எழுதி டி.எம். போகும் இடத்தில் கதவு சாத்தப்படுகிறது. 1992 மண்டல் தீர்ப்பு ஜாடை காட்டியது. 1999-ல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்குத் தீர்ப்பு பூட்டுப் போட்டது. 2013-ல் எய்ம்ஸ் ஆசிரியர் பணி வழக்குத் தீர்ப்பு சாவியையும் எடுத்துக்கொண்டது. காரணம், மெரிட்டாம். அதே மெரிட் 2023-ல் எங்கே போனது? முதுநிலை இடங்கள் காலியாகக் கிடந்தபோது நீட் பி.ஜி. தகுதியைப் பூஜ்ஜியம் பர்சென்டைலுக்கு இறக்கினார்களே! சீட்டு விற்காதபோது காணாமல் போகும் தகுதி, எங்கள் பிள்ளை வாசலுக்கு வந்ததும் விறைத்துக்கொண்டு நிற்கிறது.

ஸ்ரீரங்கத்தைப் பாருங்கள். உத்தர வீதி, சித்திரை வீதிகளில் ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எக்கோ ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பினால் அமெரிக்காவிலிருந்து மகன் படித்துச் சொல்கிறார். அவர்களுக்கும் இந்த மருத்துவர் தேவைதான்; மறுக்கவில்லை. அந்த வீதிகளைப் பெருக்கிய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு? மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை, அதுவும் மனு மேல் மனு போட்டால். புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. அவரோடு போகும் மகளின் கூலியும் போச்சு.

முதியோர் என்றால் அறுபது வயது என்று அரசு கணக்கு வைத்திருக்கிறது. இந்தியாவில் தலித் பெண்கள் உயர்சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டு முன்பே இறக்கிறார்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018 அறிக்கையில் சொன்னது. வயதாவதற்கே எங்களுக்கு அனுமதி இல்லை, தோழர்களே! குப்பையும் வெயிலும் வெறும் வயிறும் நாற்பத்தைந்திலேயே கிழவியாக்கிவிடுகின்றன. இதை எந்தப் பாடப்புத்தகத்தில் படிப்பீர்கள்? சேரியிலிருந்து வந்த மருத்துவருக்கு இது பாடமல்ல, வீடு. தலித் மருத்துவர் எல்லாரும் நல்ல மருத்துவர் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களில் ஒருவரும் இல்லாத வகுப்பறையில் எங்கள் நோய் பாடமாகாது என்கிறோம்.

உறையூரில் வளர்ந்த திருப்பாணாழ்வாரைக் காவிரிக் கரையில் லோகசாரங்கர் கல்லால் அடித்தார், பிறகு அவரையே தோளில் சுமந்து அரங்கன் முன் கொண்டுபோனார் என்று குருபரம்பரை சொல்கிறது. தோளில் ஏற்றிப் போனதைக் கொண்டாடுகிறார்கள். நடந்தே உள்ளே போகும் உரிமை ஏன் இல்லை என்று கேட்பதில்லை. டி.எம். படித்த ஒரு தலித்தைக் காட்டி "பாருங்கள், வந்துவிட்டாரே" என்பதும் அதே தோள்தான்.

அரசு மருத்துவர்களுக்கு உயர் சிறப்புப் படிப்பில் 50 விழுக்காடு ஒதுக்க 2020-ல் தமிழ்நாடு ஆணை போட்டது. 2022-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அது பணிக்கான ஒதுக்கீடு, சமூக நீதிக்கானது அல்ல. அதோடு நின்றுவிடக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள்: தமிழ்நாட்டின் டி.எம். இதயவியல் இடங்களில் இதுவரை படித்தவர்களின் சமூகக் கணக்கை அரசு வெளியிட வேண்டும். டி.எம். இதயவியலில் முதியோர் மருத்துவப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். அதில் சில மாதமாவது திருச்சி போன்ற மாவட்ட நகரத்திலும் அதன் சேரிகளிலும் நடக்க வேண்டும். உயர் சிறப்புப் படிப்பில் இடஒதுக்கீட்டுக்கு அரசமைப்புத் திருத்தம் கொண்டுவர வேண்டும்.

முடியாது என்பார்கள். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாத செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் வகுப்புவாரி உரிமை விழுந்தபோதும் முடியாது என்றுதான் நினைத்தார்கள். தமிழ்நாடு தெருவில் இறங்கியது. 1951-ல் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது.

ஜெய் பீம்.